மலைக்காற்றில் நீள்பந்து
விளையாட்டுப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

ஆஸ்திரேலிய ஃபுட்பாலில் ‘கடும் உழைப்பாளி’ என்று பெயரெடுத்த ஆட்டக்காரர்களைப் பற்றிச் சென்ற இதழில் நான்கே வரி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்த கேள்விகளில் சில இங்கே.

இது ரக்பிதானே? பெயர்தான் வேறா?
– வாசகர், காந்தல், ஊட்டி

இல்லை. பந்து முட்டை வடிவில் இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. ரக்பியில் பந்தைப் பின்பக்கம் கையால் எறியலாம். இந்த ஆட்டத்தில் எந்தப் பக்கமும் எறியவே கூடாது. ஒரு உள்ளங்கையில் பந்தை வைத்து, மறுகையின் முஷ்டியால் குத்தித்தான் அனுப்ப வேண்டும். அதற்கு ஹேண்ட்பால் என்று பெயர். ஆஃப்சைடு கிடையாது. எதிராளி உங்களுக்கு முன்னாலும் நிற்பான், பின்னாலும் நிற்பான்.

மைதானமும் முட்டை வடிவம்தான். நீளம் 135 முதல் 185 மீட்டர், அகலம் 110 முதல் 155 மீட்டர் வரை இருக்கலாம். ஒரு அணிக்குக் களத்தில் 18 பேர். ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையே உதைத்து அனுப்பினால் 6 புள்ளி, பக்கத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி. பந்தோடு ஓடுகிறவர் 15 மீட்டருக்குள் ஒருமுறை அதைத் தரையில் தட்டியாக வேண்டும். குறைந்தது 15 மீட்டர் பறந்து வந்த உதையை, இடையில் யார் கையும் படாமல் பிடித்துவிட்டால் அது ‘மார்க்’. பிடித்தவருக்குத் தடையில்லாமல் ஒரு உதை கிடைக்கும். 20 நிமிடம் கொண்ட நான்கு கால்பகுதிகள். பந்து ஆட்டத்தில் இல்லாத நேரத்தைக் கழித்துவிடுவதால் ஒவ்வொன்றும் கடிகாரத்தில் அரைமணி நேரத்தைத் தொட்டுவிடும்.

முதல் விதிகள் 1859இல் மெல்போர்னில் எழுதப்பட்டன. இன்று நாம் டி.வி.யில் பார்க்கும் முதன்மைப் போட்டித் தொடருக்கு ஏ.எஃப்.எல். (ஆஸ்திரேலியன் ஃபுட்பால் லீக்) என்ற பெயர் 1990இல் வந்தது.

கோல் அடிக்கிறவரைப் பாராட்டுவது புரிகிறது. கோலே அடிக்காத ஒருவரை ‘உழைப்பாளி’ என்று கொண்டாடுகிறார்களே, எதை வைத்து?
– வாசகர், கேத்தி

இந்த ஆட்டத்தைப் புரிந்துகொள்வதற்கான சாவியே உங்கள் கேள்வியில் இருக்கிறது. நடுக்களத்தில் ஆடுகிறவர் ஒரு ஆட்டத்தில் 12, 13 கிலோமீட்டர் ஓடுகிறார். சிலர் அதற்கும் மேல். அந்த ஓட்டத்தில் பந்து அவர் கையில் இருக்கும் நேரம் சொற்பம். மீதியெல்லாம் பந்தில்லாத ஓட்டம். அதிலும் இரண்டு வகை உண்டு. நம் அணியிடம் பந்து இருக்கும்போது முன்னே ஓடுவது ஒன்று. அதை எல்லோரும் ஆசையாகச் செய்வார்கள். பந்து பறிபோன அந்த நொடியில் திரும்பி, தன் எதிராளியைத் துரத்திக்கொண்டு பின்னே ஓடுவது இரண்டாவது. மூச்சு முட்டும் நான்காம் கால்பகுதியிலும் அந்த இரண்டாவது ஓட்டத்தைக் குறைக்காதவரைத்தான் உழைப்பாளி என்கிறார்கள்.

இதற்கு மேல் ‘ஒரு சதவீத வேலைகள்’ என்று ஒரு கணக்கே தனியாக வைத்திருக்கிறார்கள். எதிராளி உதைக்கும் கணத்தில் அவன் பாதத்தின் மேல் கைகளை நீட்டிப் பாய்ந்து பந்தை அமுக்குவது ஸ்மதர். உயரத்தில் எதிராளி பிடிக்கப்போகும் பந்தைப் பின்னாலிருந்து முஷ்டியால் தட்டிவிடுவது ஸ்பாய்ல். பந்தோடு ஓடும் தன் ஆளுக்காக, துரத்துகிறவனின் வழியை உடம்பால் மறிப்பது ஷெப்பர்டு. பந்துக்கு 5 மீட்டருக்குள் நின்று மறித்தால்தான் இது செல்லும். தள்ளி நின்று மறித்தால் ஃப்ரீ கிக். இவை எதுவும் ஸ்கோர் போர்டில் ஏறாது. ஆனால் ஆட்டத்தை ஜெயித்துக் கொடுப்பவை பெரும்பாலும் இவைதான்.

இன்னொரு விஷயம். ஒரு ஆட்டத்தில் அணி முழுவதற்கும் 75 முறைதான் ஆள் மாற்றலாம். முன்பு இந்த வரம்பு இல்லை. களைத்தவரை உடனே வெளியே கூப்பிட்டுக்கொள்ளலாம். இப்போது களைத்த பிறகும் ஓடத் தெரிந்தவருக்கு மதிப்பு கூடிவிட்டது.

அடுத்தமுறை ஆட்டம் பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள். பந்தைப் பார்க்காதீர்கள். பந்தை உதைத்து அனுப்பியவரையே அடுத்த 10 வினாடி பாருங்கள். உதைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நிற்கிறாரா, உதையின் பின்னாலேயே ஓடுகிறாரா என்று தெரிந்துவிடும். செயின்ட் கில்டா அணியின் ராபர்ட் ஹார்வி நின்றதை யாரும் பார்த்ததில்லை என்பார்கள். 1988 முதல் 2008 வரை 383 ஆட்டங்கள் ஆடினார். ஆண்டின் சிறந்த, நேர்மையான ஆட்டக்காரருக்கு நடுவர்களே வாக்களித்துக் கொடுக்கும் பிரவுன்லோ பதக்கத்தை 1997, 1998 என அடுத்தடுத்து வாங்கினார்.

ஒரே ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லுங்கள் என்றால் யாரைச் சொல்வீர்கள்?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், குன்னூர்

ஜிம் ஸ்டைன்ஸ், ஐயா. சந்தேகமே இல்லை.

1966இல் டப்ளினில் பிறந்தவர். அயர்லாந்தின் கேலிக் ஃபுட்பால் ஆடியவர். அந்தப் பந்து நம் கால்பந்துபோல உருண்டை. 1984இல் மெல்போர்ன் கிளப் அயர்லாந்துப் பையன்களை வரவழைத்துப் பழக்கிப் பார்க்க முடிவு செய்தபோது, 18 வயதில் கடல் தாண்டி வந்தார். உருண்டைப் பந்து எப்படித் துள்ளும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். நீள்பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று பிறந்ததிலிருந்து ஆடியவர்களுக்கே தெரியாது. அதைக் கையிலும் காலிலும் பழக்கிக்கொள்ள இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. முதன்மை அணியில் அவர் இறங்கியது 1987இல்.

அந்த முதல் ஆண்டே அவரை உடைத்துப் போட்டிருக்க வேண்டும். மெல்போர்ன் அணி 1964க்குப் பிறகு இறுதிச்சுற்றுகளையே பார்த்ததில்லை. 1987இல் கிராண்ட் ஃபைனலுக்கு முந்திய ஆட்டத்தில் ஹாதார்ன் அணியைவிட முன்னிலையில் இருந்தது. கடைசி நொடிகள். ஹாதார்னின் கேரி பக்கனாராவுக்கு ஒரு உதை கிடைத்தது. தூரம் அதிகம், தேறுவது கடினம். அந்த நேரத்தில் தன் எதிராளியைத் துரத்திக்கொண்டு ஸ்டைன்ஸ், உதைக்கப் போகிறவருக்கும் அவர் எதிரே குறியில் நிற்பவருக்கும் நடுவே குறுக்கே ஓடிவிட்டார். விதிப்படி அது தவறு. தண்டனை, பக்கனாரா 15 மீட்டர் முன்னே வந்து உதைக்கலாம். ஆட்டம் முடியும் சைரன் ஒலித்த பிறகு உதைத்தார், கோல். மெல்போர்ன் 2 புள்ளியில் தோற்றது.

கவனியுங்கள், சோம்பலால் வந்த பிழையல்ல அது. ஓடாமல் நின்றிருந்தால் நடந்திருக்காது. விதி இன்னும் உடம்பில் ஊறாத ஒருவரின் அதிகப்படியான உழைப்பு செய்த பிழை. அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் இந்தக் கேள்விக்கு அவரைத் தேர்ந்தெடுக்கக் காரணம். 199 சென்டிமீட்டர் உயரம். நடுவர் பந்தைத் துள்ளவிடும்போது எகிறித் தட்டும் ‘ரக்மேன்’ இடம். அந்தக் காலத்தில் ரக்மேன் தட்டிவிட்டு மெதுவாக நடந்து வருவார். ஸ்டைன்ஸ் தட்டிவிட்டு நடுக்கள ஆட்டக்காரர் மாதிரி மைதானத்தின் இரண்டு முனைக்கும் ஓடினார். எதிரணி ரக்மேன் அவரோடு ஓட முடியாமல் பின்தங்க, இவருக்குத் தனியாக நிற்கும் இடம் கிடைத்தது. 1991இல் பிரவுன்லோ பதக்கம். 1987 முதல் 1998 வரை ஒரு ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து 244 ஆட்டங்கள். மோதலே தொழிலான ஒரு இடத்தில் பதினோரு ஆண்டுகள் விடுப்பே எடுக்காமல் வேலை பார்ப்பதற்கு அது சமம். மொத்தம் 264 ஆட்டங்கள். ஆடிக்கொண்டிருந்தபோதே இளைஞர்களுக்காக ‘ரீச்’ என்ற அமைப்பைச் சேர்ந்து தொடங்கினார். 2008இல் தன் கிளப்பின் தலைவரானார். புற்றுநோயோடு போராடி 2012 மார்ச்சில் இறந்தார்.

இன்னொருவரையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மேட் பிரிடிஸ். மேற்கு ஆஸ்திரேலியப் பையன். வேகம் போதாது என்று ஆள் எடுக்கும் டிராஃப்டில் வருடா வருடம் கைவிடப்பட்டவர். கடைசியில் ‘ரூக்கி’ என்னும் பயிற்சிநிலைப் பட்டியலில் வெஸ்ட் கோஸ்ட் அணி எடுத்துக்கொண்டது. 2006இல் தொடங்கி 2017 வரை 240 ஆட்டங்கள். 2014இல் பிரவுன்லோ. அவர் பெயரெடுத்தது குவியலுக்குள் குனிந்து பந்தைப் பொறுக்குவதிலும், பந்து வைத்திருப்பவரைப் பிடித்து மடக்கும் டேக்கிளிலும். இரண்டுக்கும் ஓட்ட வேகம் பெரிதாகத் தேவையில்லை. மற்றவருக்கு அரை நொடி முன்னால் முடிவெடுத்துக் குனிய வேண்டும், அவ்வளவுதான். அதைத் தினம் பழகலாம்.

கால்பந்து நன்றாக ஆடுவேன். நீள்பந்தை உதைத்தால் காற்றாடி மாதிரிச் சுற்றிக்கொண்டு எங்கேயோ போகிறது. எங்கே தப்பு?
– கல்லூரி மாணவர், கோத்தகிரி

தப்பு காலில் இல்லை தம்பி, கையில். கால்பந்தில் பந்து தரையில் கிடக்கும். கால் மட்டும் சரியாக வந்தால் போதும். இங்கே பந்தைப் பாதத்தின் மேல் வைப்பது கை. பந்து சாய்ந்து விழுந்தால் எப்பேர்ப்பட்ட காலும் அதைத் திருத்த முடியாது.

டிராப் பண்ட் என்னும் உதையை மட்டும் முதலில் பழகுங்கள். பந்தை நெட்டுக்குத்தாக, மேல்முனை உங்கள் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும்படி பிடியுங்கள். தையல் கயிறு இலக்கைப் பார்க்கட்டும். விரல்கள் இரண்டு பக்கமும் விரிந்திருக்கட்டும். வலது காலால் உதைப்பதென்றால், பந்து வலது தொடைக்கு நேர் மேலே இருக்க வேண்டும். வயிற்றுக்கு எதிரே அல்ல. ஓடி வரும்போது இடது கையை விலக்கிவிட்டு, வலது கை மட்டும் பந்தை இடுப்பு உயரம் வரை இறக்கிக் கொண்டுபோய் விடட்டும். மேலே போட்டுப் பிடிக்கிற மாதிரித் தூக்கக் கூடாது. கோத்தகிரியில் மத்தியானக் காற்று எழும்பிவிட்டால் ஒரு சாண் கூடுதலாக விழும் பந்துகூடத் திரும்பிவிடும். காற்றடிக்கும்போது இன்னும் தாழ்வாக இறக்கி விடுங்கள்.

கால் விரல்களை நீட்டி, கணுக்காலை இறுக்கிப் புறங்காலால் பந்தின் கீழ்ப் பங்கில் அடியுங்கள். சரியாகப் பட்டால் பந்து முனைக்கு முனை பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே நேராகப் போகும். பிடிப்பவருக்கும் அதுதான் சுலபம்.

உங்கள் பந்து காற்றாடியாகச் சுற்றுகிறது என்றால், பந்தைவிடும் கை உடம்புக்குக் குறுக்கே வருகிறது என்று அர்த்தம். பந்து தாழ்வாக விர்ரென்று போய்த் தரையில் முட்டினால் விரல் நுனியில் பட்டிருக்கிறது. உயரே போய் அங்கேயே விழுந்தால் கணுக்கால் தளர்ந்திருக்கிறது. எப்போதும் இடப்பக்கமே வளைந்தால், கால்பந்துப் பழக்கத்தில் காலைப் பக்கவாட்டிலிருந்து வீசுகிறீர்கள். இந்த உதையில் கால் கடிகார ஊசல் மாதிரி நேர்கோட்டில் போய், உதைத்த பிறகும் இலக்கை நோக்கியே உயர வேண்டும்.

முதல் இரண்டு வாரம் நண்பரோடு 10 மீட்டர் இடைவெளியில் நடந்துகொண்டே உதையுங்கள். பிறகு 15, பிறகு 20. ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு நாளைக்கு 40 உதை போதும். அதில் 15 இடது காலில். ஆர்வத்தில் தினம் 200 உதைத்தால் கவட்டிலும் அடிவயிற்று எலும்பு இணைப்பிலும் வலி தொடங்கும். இந்த ஆட்டக்காரர்களை மாதக்கணக்கில் உட்கார வைக்கும் வலி அது. இருமினாலே அந்த இடம் வலித்தால் உதைப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கோவையிலிருந்து பந்து வாங்கி வந்தோம். கடையில் மெத்தென்று இருந்தது, ஊட்டியில் கல் மாதிரி ஆகிவிட்டது. பந்தில் கோளாறா?
– வாசகர், ஃபிங்கர்போஸ்ட், ஊட்டி

பந்தில் கோளாறில்லை, மலைதான் காரணம். பந்துக்குள் இருக்கும் காற்றை வெளிக்காற்று அமுக்கிக்கொண்டே இருக்கிறது. 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறையக் கால் பங்கு குறைவு. அமுக்குகிற கை தளர்ந்துவிட்டதால் பந்து இறுகுகிறது. சிப்ஸ் பாக்கெட் மேலே வரும்போது உப்பிக்கொள்வதும் இதனால்தான்.

விதிப்படி பந்தில் 62 முதல் 76 கிலோபாஸ்கல் காற்று இருக்க வேண்டும். பெட்ரோல் பங்க்கில் நாம் ‘பாயிண்ட்’ என்கிறோமே, அந்தக் கணக்கில் 9 முதல் 11. மேட்டுப்பாளையத்தில் 10 பாயிண்ட் அடித்த பந்து ஊட்டிக்கு வந்ததும் ஏறக்குறைய 13 காட்டும். இங்கத்தைய குளிரில் ஆறியபின் பதினொன்றரைக்கு இறங்கும். அதுவும் வரம்புக்கு மேல்தான். இறுகிய பந்து கையிலிருந்து துள்ளிப் போகும், மார்க் பிடிக்கிறவரின் விரல் பிசகும். ஆகவே மலைக்கு வந்து, ஆடும் இடத்தில் அரைமணி நேரம் வைத்த பிறகு அளவு பாருங்கள். ஊசியை எச்சிலிலோ கிளிசரினிலோ நனைத்துவிட்டுச் செருகுங்கள்; உலர்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும். பங்க்கில் கார் டயருக்கு அடிக்கும் மெஷினை வைக்காதீர்கள், கைப்பம்ப் போதும்.

கீழே ஆடப் போகும்போது கதை தலைகீழ். ஊட்டியில் 10 அடித்த பந்து சமவெளி வெயிலில் எட்டரைக்குப் பக்கத்தில் நிற்கும். போனதும் மறுபடி அடிக்க வேண்டும். மெல்லிய காற்றில் உதை கொஞ்சம் கூடுதல் தூரம் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இங்கே பழகியவர்கள் கீழே போனால் உதை இலக்குக்கு முன்னாலேயே விழுகிறதே என்று முதல் நாள் தடுமாறுவார்கள்.

எங்கள் பள்ளியில் இருப்பது ஒரு சின்ன சரிவான கிரவுண்டு. 20 பிள்ளைகள். ஆட முடியுமா?
– உடற்கல்வி ஆசிரியை, கொடைக்கானல்

தாராளமாக. ஆஸ்திரேலியாவிலேயே ஒரு பக்கம் 9 பேர் ஆடும், டேக்கிள் இல்லாத வடிவம் உண்டு. கால்பந்து மைதானம் அளவு இடம் போதும். மூங்கில் கழி எட்டு வேண்டும், முனைக்கு நான்கு. பெரிய ஆட்டத்தில் கழிக்குக் கழி 6.4 மீட்டர், பிள்ளைகளுக்கு 4 மீட்டர் வையுங்கள். இரண்டடி ஆழம் நட்டு, ஆள் உயரத்துக்கு மேல் வரை பழைய மெத்தைப் பஞ்சையோ நுரை விரிப்பையோ சுற்றிக் கட்டிவிடுங்கள். மார்க் பிடிக்க மேலேயே பார்த்துக்கொண்டு ஓடும் பிள்ளை கம்பத்தைப் பார்க்காது. இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

டேக்கிளுக்குப் பதில், இடுப்பில் இரண்டு கையாலும் தொட்டால் மூன்று எண்ணுவதற்குள் பந்தை விட்டுவிட வேண்டும். பந்தோடு ஓடுகிறவர் ஒருமுறைதான் தட்டலாம். இந்த இரண்டு விதியும் இருந்தால் ஒரே கெட்டிக்காரப் பிள்ளை ஆட்டத்தை விழுங்காது. எல்லோர் கைக்கும் பந்து வரும். பத்து நிமிடம் வீதம் நான்கு பகுதி. ஒவ்வொரு பகுதிக்கும் முனை மாற்றிக்கொள்வது விதியிலேயே இருப்பதால் சரிவு இரண்டு அணிக்கும் சமமாகிவிடும். பள்ளத்துப் பக்கம் மட்டும் பழைய வலையோ கயிற்றுத் தடுப்போ கட்டுங்கள்.

ஹேண்ட்பாலில் ஒன்றை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். முஷ்டி பிடிக்கும்போது கட்டைவிரல் வெளியே இருக்க வேண்டும். உள்ளே மடக்கிக் குத்தினால் கட்டைவிரல் மூட்டு போய்விடும்.

மெல்போர்ன் அணிகள் மலையில் போய்ப் பயிற்சி எடுப்பார்களாமே. அப்படியானால் நாங்கள் பிறந்த இடமே எங்களுக்குப் பலமா?
– வாசகர், கூடலூர்

காலிங்வுட் அணி 2005 முதல் பல ஆண்டுகள் அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள ஃபிளாக்ஸ்டாஃப் என்ற ஊருக்குப் போய்ப் பயிற்சி எடுத்தது. அதன் உயரம் சுமார் 2,100 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட ஊட்டி. பிராணவாயு குறைவான காற்றில் மூன்று நான்கு வாரம் இருந்தால் உடம்பு சிவப்பணுக்களைக் கூட்டிக்கொள்கிறது. கீழே இறங்கி ஆடும்போது மூச்சு தாங்குகிறது. கூடலூர் அதில் பாதி உயரம்தான் என்பதால் இந்தப் பலன் உங்களுக்குக் குறைவு. ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு உண்டு.

ஆனால் இதில் ஒரு மறுபக்கம் இருக்கிறது. மேலே ஓடும்போது முழு வேகத்தில் ஓட முடியாது. ஆஸ்திரேலியாவில் ஆள் எடுக்கும் சோதனையில் 2 கிலோமீட்டர் ஓட்டம் முக்கியமானது. 6 நிமிடத்தைச் சுற்றி ஓடுகிறவர்கள் மேல்வரிசை. அதே ஆள் ஊட்டியில் ஓடினால் 15, 20 வினாடி கூடுதலாக ஆகும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். வேகப் பயிற்சியை மட்டும் கொஞ்சம் கீழே வைத்துக்கொள்ளுங்கள். கூடலூரில் இருப்பவருக்கு இங்கேதான் வசதி: 200 மீட்டர் வேக ஓட்டம் எட்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒன்றரை நிமிடம் நடை, வாரம் இருமுறை. மூன்றாவது நாள் 40 நிமிடம் மிதமான ஓட்டம். ஏற்றத்தில் ஓடுங்கள், இறக்கத்தில் நடந்து வாருங்கள். மலைச்சாலை இறக்கத்தில் ஓடுவதுதான் முழங்காலையும் முன்காலெலும்பையும் கெடுக்கிறது.

சிவப்பணு கூட வேண்டுமென்றால் இரும்புச்சத்து வேண்டும். தேயிலை மலையில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சாப்பாட்டோடு குடிக்கும் டீ, கீரையிலும் கேழ்வரகிலும் இருக்கும் இரும்பை உடம்பில் சேரவிடாது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து டீ குடியுங்கள். சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொண்டால் இரும்பு நன்றாகச் சேரும். நன்றாகத் தூங்கியும் படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றால் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள்.

மகன் இந்த ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஹெல்மெட்கூட இல்லாமல் மோதுகிறார்களே, தலையில் அடிபட்டால்?
– ஒரு தாய், அருவங்காடு

நியாயமான பயம், அம்மா. டேக்கிள் தோளுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலேதான் செய்யலாம். தலையைத் தொட்டால் தண்டனை. அப்படியும் தலையில் அடிபடுகிறது. மென்மையான தொப்பி மண்டை தோல் கிழிவதைத் தடுக்கும். உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. அதனால் ஏ.எஃப்.எல்.லில் மூளை அதிர்ச்சி என்று தெரிந்தால் குறைந்தது 12 நாள் ஆட முடியாது. பிள்ளைகளுக்கு இதைவிட நீண்ட ஓய்வு தேவை. வாந்தி, தலைவலி, வெளிச்சம் பார்த்தால் கூசுவது, கேட்டதையே திரும்பக் கேட்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. டாக்டரிடம் போக வேண்டும். ‘கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு இறங்கு’ என்று சொல்லும் பயிற்சியாளரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

டேக்கிள் இல்லாத வடிவத்தில் இரண்டு வருடம் ஆடட்டும். பிறகு டேக்கிளை மண்டியிட்டபடி, நடந்தபடி, மெதுவாக ஓடியபடி என்று படிப்படியாகக் கற்கட்டும். கன்னம் எதிராளியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்க வேண்டும், தலை அவனுக்கு முன்னால் போகக் கூடாது. முதலில் பழக வேண்டியது அதுதான்.

பெண்கள் ஆடலாமா?
– பிளஸ் டூ மாணவி, பந்தலூர்

2017இலிருந்து பெண்களுக்கான ஏ.எஃப்.எல். லீக் நடக்கிறது. ஒரு பக்கம் 16 பேர், பந்து ஒரு அளவு சிறியது. எரின் ஃபிலிப்ஸைத் தேடிப் பாருங்கள். சிறுமியாக இந்த ஆட்டம் ஆடியவர். வயது வந்ததும் பெண்களுக்கு வழி இல்லாததால் கூடைப்பந்துக்குப் போய் 2016 ரியோ ஒலிம்பிக் வரை ஆடினார். லீக் தொடங்கியதும் திரும்பி வந்து, 2017, 2019 இரண்டிலும் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றார். 2019 இறுதி ஆட்டத்தில், அடிலெய்டில் 53,034 பேர் முன்னிலையில், முழங்கால் தசைநார் அறுந்து வெளியேறினார். அதுவரை ஆடியதற்கே அன்றைய சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது.

அந்த முழங்கால் காயம் பெண்களுக்கு அதிகம் வருகிறது, குணமாக 9 முதல் 12 மாதம் ஆகும். குதித்து இறங்கும்போது இரண்டு முழங்காலும் உள்பக்கம் மடங்காமல் கால்விரலுக்கு நேராக இருக்கிறதா என்று கண்ணாடி முன் பழகுங்கள். ஒரு காலில் நின்று உட்கார்ந்து எழுவது, இறங்கியதும் அப்படியே மூன்று நொடி நிற்பது, இரண்டும் தலா பத்து முறை, வாரம் மூன்று நாள்.

எனக்கு 19 வயது, உயரம் ஆறடி மூன்று. ஏ.எஃப்.எல்.லுக்கு வழி இருக்கிறதா?
– வாசகர், எல்லநள்ளி

வழி இருக்கிறது, ரொம்பக் குறுகல். வெளிநாட்டவருக்கும் வேறு விளையாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் ‘பி பிரிவு ரூக்கி’ என்று ஒரு இடம் உண்டு. அமெரிக்கக் கூடைப்பந்துக்காரர் மேசன் காக்ஸ் அப்படி வந்தவர்தான். 211 சென்டிமீட்டர் உயரம். 2016இல் ஆஸ்திரேலியாவின் போர்வீரர் நினைவு நாளான அன்சாக் தினத்தில் காலிங்வுட் அணிக்காக இறங்கி முதல் உதையிலேயே கோல் அடித்தார். 2023இல் கோப்பை வென்ற அணியில் இருந்தார். ஆனால் அவருக்கு அந்த உயரமும் கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியும் இருந்தன. உங்கள் உயரம் அங்கே நடுக்களத்தில் சாதாரணம். ஆகவே 2 கிலோமீட்டர் ஓட்டமும் இரண்டு கால் உதையும்தான் உங்களைத் தனியாகக் காட்ட வேண்டும்.

நேரே அந்தக் கதவைத் தட்டாமல், முதலில் எட்டு பேரைச் சேர்த்து இங்கே ஆடத் தொடங்குங்கள். மெல்போர்னில் நடந்த சர்வதேசக் கோப்பையில் இந்திய அணி 2008இல் முதன்முறை ஆடியது. நம் நாட்டிலும் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். படிப்புக்காக ஆஸ்திரேலியா போக நேர்ந்தால், போய் இறங்கிய வாரமே பக்கத்து ஊர் கிளப்பில் சேர்ந்துவிடுங்கள். அங்கே ஊருக்கு ஊர் கிளப் உண்டு, மூன்றாம் நான்காம் நிலை அணிகளில் புதியவர்களுக்கு இடம் கொடுப்பார்கள். ஒழுங்காக ஓடுகிறவர் ஒரு சீசனில் மேலே ஏறுவதற்கு அங்கே வழி இருக்கிறது.

ஜூலை மழையில் தோல் பந்து ஊறி கனத்துவிட்டது. கணப்படுப்புப் பக்கத்தில் வைத்துக் காயவைக்கலாமா?
– வாசகர், நடுவட்டம்

கூடாது. தீச்சூட்டில் தோல் சுருங்கி வெடிக்கும், தையல் விட்டுப் போகும். சேற்றை ஈரத்துணியால் துடைத்து, காற்றைப் பாதி இறக்கி, செய்தித்தாளில் சுற்றி நிழலில் வையுங்கள். தாள் நனைந்ததும் மாற்றுங்கள். நடுவட்டத்து மழைக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். காய்ந்த பிறகு தோலுக்குப் போடும் மெழுகை லேசாகத் தேயுங்கள்; அதிகமானால் வழுக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சிந்தடிக் பந்தில் ஆடிவிட்டு, தோல் பந்தைச் செப்டம்பரில் எடுங்கள்.